நெஞ்சுக்குழியில் காந்தல், ராத்திரி இரண்டு மணி வலி: அல்சரா, வேறு ஏதாவதா?

பாசிக்காரி:

வணக்கம். எனக்கு வயது 41. பாம்பன் பக்கம் எங்கள் ஊர். பதினாறு வயதிலிருந்து தென்கடலில் பாசி எடுக்கிறேன். எழுதுவது நானேதான், மகளுடைய போனில். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்க்கிறாள். தப்பு இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

ஏழெட்டு மாதமாக நெஞ்சுக்குழிக்குக் கீழே, இரண்டு பக்க விலாவும் சேருகிற இடத்தில் ஒரு காந்தல். மிளகாய் அரைத்த கையைப் புண்ணில் வைத்தது போலத் தொடங்கும், அப்புறம் கவ்விப் பிடிக்கும். பகலில் பரவாயில்லை. ராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்கு ஆள் வைத்து எழுப்புகிற மாதிரி எழுப்பிவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து நாலு வாய் நீராகாரம் குடித்தாலோ, இரண்டு பிஸ்கட் தின்றாலோ முக்கால் மணி நேரம் அடங்கும். மறுபடி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களிக்கும். சாப்பாடும் குறைந்துவிட்டது. ஒரு தட்டு சோறு தின்றவள், இப்போது கால் தட்டிலேயே வயிறு நிரம்பி மேலே முட்டுகிறது. ஜாக்கெட் எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது. "மெலிந்து அழகாகிவிட்டாய்" என்கிறாள் என் மதினி. அவள் வாயில் மண்ணைப் போட.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போவோம். பாசி திரும்ப முளைக்க வேண்டும் என்று நாங்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. அந்த 12 நாளும் நீர் வற்றுகிற நேரம் பார்த்து விடியுமுன் வல்லத்தில் ஏறினால், கரை திரும்ப மதியம் தாண்டிவிடும். ஏறும்போது ஒரு வரக்காப்பி, அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு முங்கினால் உள்ளே போனதெல்லாம் வாய்க்கு வந்துவிடும். கண்ணாடியை மாட்டி, விரலில் துணியைச் சுற்றி, மூச்சைப் பிடித்து முங்க வேண்டும். பாறையில் பிடுங்கியதை மேலே வந்து வலைப்பையில் போட்டுவிட்டு மறுபடி முங்க வேண்டும். ராத்திரி பாயில் விழுந்தால் இடுப்பும் தோளும் என்னுடையது மாதிரியே இருக்காது.

அதனால் செட் மாத்திரை. மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்று கேட்டால் காகிதக் கவரில் மூன்று மாத்திரை போட்டுத் தருவார்கள். கடலுக்குப் போகிற நாளெல்லாம் காலையில் ஒரு செட், கரைக்கு வந்து ஒரு செட். ஆறு வருடமாக இப்படித்தான். எங்கள் வல்லத்தில் போடாத ஆள் கிடையாது. வயிறு காந்துகிறது என்று சொன்னதும் அதே கடையில் ஒரு கேஸ் மாத்திரையும் ரோஸ் கலர் டானிக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் நாலு நாள் நன்றாக இருக்கிறது. விட்டால் பழைய குருடி கதவைத் திறடி.

இரண்டு மாதம் முன்பு ஒரு கிளினிக்கில் காட்டினேன். பெயர் வேண்டாம். அவர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கேஸ்ட்ரிக்மா, காரத்தைக் குறை, கவலையைக் குறை" என்றார். கவலையைக் குறைக்க மருந்து எழுதவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது, குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். வயிற்றை ஸ்கேன் எடுத்து, பித்தப்பையில் கல் இல்லை, எல்லாம் நார்மல் என்று தாள் கொடுத்தார்கள்.

இப்போது என் கேள்வி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் அல்சர் இல்லை என்றுதானே அர்த்தம்? வாய் வழியாக டியூப் விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள் சிலர். அது அவசியமா? ராமநாதபுரம் போய்வந்தால் ஒரு நாள் போய்விடும். அது கடல் நாளாக இருந்தால் அன்றைய காசும் போகும். இந்தக் கரையில் யாராவது அதைச் செய்துகொண்டிருந்தால் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். பயப்படுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போட் டிரைவர்:

அக்கா, தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். விசைப்படகு ஓட்டுகிறேன். உங்கள் ராத்திரி இரண்டு மணி எனக்கும் இரண்டு வருடம் இருந்தது. கேஸ் என்று சொல்லி சோடா குடித்தே ஓட்டினேன். தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வீட்டுச் சோறும் வீட்டுத் தூக்கமும் என்பதால் வலி குறையும். கடல் திறந்ததும் பிடித்துக்கொள்ளும். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள். ராத்திரி முழுக்க ஸ்டியரிங் பக்கத்தில் பீடியும் டீயும்தான் என்று அம்மாவிடம் யார் சொல்வது?

ஒரு நாள் வடகடலில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது வாந்தி. காப்பித்தூளைத் தண்ணீரில் கலக்கிக் கொட்டியது மாதிரி இருந்தது. மதியம் தின்ற கணவாய் சேரவில்லை என்றார்கள் பையன்கள். அது ரத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. வயிற்று அமிலத்தில் கிடந்த ரத்தம் அந்த நிறத்துக்கு வந்துவிடுமாம். கரைக்கு வரும் வரை ஐஸ் பெட்டி மேல் கிடந்தேன். மதுரை பெரியாஸ்பத்திரியில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். டியூப் விட்டுப் பார்த்ததில், இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் புண். அந்த டியூப் வழியாகவே ஊசி போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். வயிற்றில் கிருமி இருந்தது என்று 14 நாள் மாத்திரை. வாய் முழுக்கத் துருப்பிடித்த ஆணியைச் சப்பினது மாதிரி ஒரு ருசி. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று மிரட்டியதால் கடைசி மாத்திரை வரை முழுங்கினேன். பீடியும் அன்றோடு போயிற்று. புகை புண்ணை ஆறவிடாதாம்.

சாப்பிட்டால் வலி அடங்குகிறது என்கிறீர்கள். அது சிறுகுடல் புண்ணேதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போய்ப் பாருங்கள் அக்கா. கடலில் வைத்து வந்தால் கரை தூரம்.

பனங்காட்டான்:

தாயி, நான் சாயல்குடிப் பக்கம். டியூப் எல்லாம் எதற்கு? மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து ஒரு மண்டலம் சாப்பிடு. காலையில் பழைய சோற்றுத் தண்ணீர். சீசனில் பதநீர். என் வீட்டுக்காரிக்கு இதில்தான் வயிற்றுப் புண் ஆறியது. இங்கிலீஷ் மருந்து ஆற்றாது, மரத்துப்போக வைக்கும்.

பாசிக்காரி:

அண்ணே, மணத்தக்காளி எங்கள் கொல்லையிலேயே கிடக்கிறது. நாலு மாதமாக ஆடு மாதிரி அதைத்தான் மேய்கிறேன். வாய்ப்புண் ஆறியது, அது உண்மை. ராத்திரி இரண்டு மணி ஆறவில்லை. உங்கள் வீட்டில் அவர்களுக்கு வலி மாத்திரைப் பழக்கம் இருந்ததா?

பனங்காட்டான்:

இல்லை தாயி. அவள் மாத்திரை என்றாலே ஓடுவாள்.

நைட் டியூட்டி:

அக்கா, நான் ஸ்டாஃப் நர்ஸ். இந்த மாவட்டத்தில்தான் வேலை. டாக்டர் இல்லை, எனவே இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

முதலில் ஸ்கேன். ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் இதெல்லாம் அதில் தெரியும். இரைப்பையின் உள்சுவரில் இருக்கிற புண் தெரியாது. சுவருக்கு வெளியே நின்று வீட்டுக்குள் வெள்ளையடித்தது உரிந்திருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் அது. கல் இல்லை என்று தெரிந்தது நல்லது, அந்தச் சந்தேகம் தீர்ந்தது. அல்சர் இல்லை என்று அந்தத் தாள் சொல்லவில்லை. அதற்கு எண்டோஸ்கோபிதான், நீங்கள் கேட்ட அந்த டியூப். நெஞ்செரிச்சல் உள்ள எல்லோருக்கும் அது வேண்டியதில்லை, இளம் வயதுக்காரர்களுக்குப் பல நேரம் மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். உங்களுக்கு எடை குறைகிறது, கொஞ்சம் தின்றாலே நிரம்புகிறது, ரத்தம் 8.4. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே பார்த்துவிட வேண்டும் என்பார்கள்.

அடுத்தது, அந்தக் காகிதக் கவர். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. செட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பொதுவாக டைக்ளோஃபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும். சில செட்டில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். உடம்பு அன்றைக்கே பறக்கிற மாதிரி இருப்பது அதனால்தான். நம் இரைப்பையில் சுரக்கிற அமிலம் கறியையே கரைக்கிற அமிலம். அது இரைப்பையையே அரிக்காமல் இருப்பதற்கு உள்ளே வழவழப்பாக ஒரு பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சைச் சுரக்க வைக்கும் பொருளை உடம்பு தயாரிக்கிறது. வலி மாத்திரை அதைத்தான் நிறுத்துகிறது. அதனால் சோறு தின்றுவிட்டுப் போட்டாலும் தப்பிக்க முடியாது, ரத்தத்தில் கலந்துதான் வேலை செய்கிறது. ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. நீங்கள் அதை வரக்காப்பியோடு போட்டுவிட்டு முங்குகிறீர்கள்.

கடையில் இனிமேல் கவரில் வாங்காதீர்கள், அட்டையோடு கேளுங்கள். தர மறுத்தால் வீட்டில் மிச்சம் இருக்கிற மாத்திரைகளை அப்படியே ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டை விடாமல் தினமும் மாதக்கணக்கில் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது, அதையும் அவரே சொல்லட்டும். உடம்பு வலிக்கு இப்போதைக்குப் பாரசிட்டமால் போடலாம், வயிற்றை அந்த அளவுக்குக் கெடுக்காது. அதையும் அளவு மீறினால் ஈரலுக்கு ஆகாது.

டிரைவர் தம்பி சொன்ன கிருமி, ஹெலிகோபாக்டர் பைலோரி. நம் நாட்டில் ஏராளமானவர்கள் வயிற்றில் இருக்கிறது, எல்லோருக்கும் புண் வருவதில்லை. கவலையாலும் காரத்தாலும்தான் அல்சர் வருகிறது என்று டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-ல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தது. 2005-ல் அவருக்கும், அவரோடு சேர்ந்து அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. உங்கள் கிளினிக்காரர் காரத்தைக் குறை என்று சொன்னபோது எனக்கு மார்ஷல் ஞாபகம்தான் வந்தது. காரம் புண்ணை உண்டாக்காது அக்கா, இருக்கிற புண்ணில் பட்டால் எரியும், அவ்வளவுதான். கருவாட்டுக் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விடுங்கள், ஒத்துக்கொண்டால் தின்னுங்கள். பாலும் அப்படித்தான். குடித்ததும் இதமாக இருக்கும், பிறகு அதுவே அமிலத்தைச் சுரக்க வைக்கும்.

கிருமியைப் பார்க்க ரத்தச் சோதனை என்று யாராவது எழுதினால், அது எப்போதோ வந்துபோனதையும் "இருக்கிறது" என்று காட்டும். எண்டோஸ்கோபி செய்யும்போதே சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள், இல்லையென்றால் மலப் பரிசோதனையோ மூச்சுப் பரிசோதனையோ உண்டு. ஒரு சிக்கல், நீங்கள் சாப்பிடும் கேஸ் மாத்திரை கிருமியை ஒடுக்கி வைக்கும். அதைச் சாப்பிட்டுக்கொண்டே சோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். அதனால் பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

டிரைவர் தம்பி, சாப்பிட்டால் அடங்கினால் சிறுகுடல், சாப்பிட்டால் வலித்தால் இரைப்பை என்று புத்தகத்தில் இருக்கிறதுதான். வார்டில் பார்த்தால் பாதிப் பேருக்கு அது பொருந்தாது. எழுதியெல்லாம் வைக்க வேண்டாம்.

கீழக்கரை சபராளி:

அக்கா, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. என் வாப்பாவுக்கு நெஞ்சுக்குழியில் இதே மாதிரி காந்தல். கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். காலையில் வியர்த்துக் கொட்டி, ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு. நான் அப்போது துபாயில். இதயத்தின் அடிப்பக்கம் அடைத்தால் வலி வயிற்று வலி மாதிரியே வருமாம். நீங்கள் முங்குகிறவர். முங்கும்போது, மேடு ஏறும்போது வலி கூடுகிறதா? தாடைக்கோ இடது கைக்கோ இழுக்கிறதா? போகிற அன்றைக்கே ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

பாசிக்காரி:

பாய், முங்கும்போது வலி கூடுவதில்லை. சொல்லப்போனால் தண்ணீருக்குள்தான் வலி தெரியாது. ஈசிஜி எடுத்துவிடுகிறேன்.

சிஸ்டர், மகள் உங்கள் பதிலை இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். ஒன்று கேட்க வேண்டும், கூச்சமாக இருந்ததால் முதலில் எழுதவில்லை. பத்து நாளாக வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கிறது. சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அதுவாகத்தானே இருக்கும்? முந்தா நாள் வல்லத்தில் எழுந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெயில் என்று நினைத்தேன்.

நைட் டியூட்டி:

அக்கா, சத்து மாத்திரையிலும் கறுப்பாகப் போகும். அது கரும்பச்சையாக, கெட்டியாக, சாதாரணமாகத்தான் போகும். ரத்தம் கலந்து போவது தார் மாதிரி. பிசுபிசு என்று ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று போகாது, நாற்றம் வேறு மாதிரி, குடலைப் புரட்டும். உங்களுடையது எது?

பாசிக்காரி:

இரண்டாவது.

நைட் டியூட்டி:

அப்படியானால் நாளைக் காலை வரை காத்திருக்காதீர்கள். இப்போதே கிளம்புங்கள். 108-க்குச் சொல்லுங்கள், பஸ்ஸில் போக வேண்டாம், தனியாகவும் வேண்டாம். ஓ.பி.யில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், "மலம் தார் மாதிரி போகிறது, வலி மாத்திரை ஆறு வருடம், தலைசுற்றல்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேஸ் என்று மட்டும் சொல்லாதீர்கள். வலி மாத்திரை இனி ஒன்றுகூட வேண்டாம். கேஸ் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு நிறுத்துவது பற்றிச் சொன்னேனே, அதை மறந்துவிடுங்கள், ரத்தம் போகும்போது அந்தக் கணக்கே வேறு. எதுவும் சாப்பிடாமல் போங்கள், டப்பாவை மறக்காதீர்கள்.

பாசிக்காரி (மூன்று வாரம் கழித்து):

கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து எழுதுகிறேன். அன்று ராத்திரியே ராமநாதபுரம் போனோம். பாலத்தில் ஆம்புலன்ஸ் ஏறும்போது இரண்டு பக்கமும் கடலில் விளக்கு தெரிந்தது, எங்கள் ஆட்கள் நண்டு வலைக்குப் போயிருப்பார்கள். வீட்டுக்காரர் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையை மட்டும் விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம் பிடித்தது அன்றைக்குத்தான்.

சிஸ்டர் சொன்னபடியே மூன்றையும் சொன்னேன். உடனே ஊசி போட்டு ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்தம் 7.6 ஆகியிருந்தது. பாய், ஈசிஜி நன்றாக இருக்கிறது. மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்றும் துருவித் துருவிக் கேட்டார்கள், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம். எனக்கு அப்படி இல்லை.

மறுநாள் டியூப். தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தை அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தொண்டையே இல்லாத மாதிரி ஆகிவிட்டது, எச்சில் எங்கே போகிறது என்று தெரியவில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவில் பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கடிக்கச் சொன்னார்கள். டியூப் என் சுண்டுவிரல் கனம் இருக்கும். "முழுங்குங்கள், மூக்கால் மூச்சு விடுங்கள்" என்றார் டாக்டர். இருபத்தைந்து வருடம் மூச்சைப் பிடித்தே பழகியவள் நான். வாய்க்குள் ஏதோ போகிறது என்றதும் முங்கப் போகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, மூச்சை விடும்மா" என்று நர்ஸ் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். குமட்டல்தான் இருந்தது, வலி இல்லை. காற்று அடித்து வயிற்றை உப்ப வைப்பார்கள், அப்போது ஏப்பமாக வரும், வெட்கமாக இருக்கும். பத்து நிமிடம்கூட இல்லை. நான் இதற்கா எட்டு மாதம் பயந்தேன் என்று இருந்தது. முடிந்த பிறகு ஒரு மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது, தொண்டை மரத்திருக்கும்போது குடித்தால் மூச்சுக்குழலுக்குப் போய்விடுமாம்.

டிரைவர் தம்பி, நீ சொன்னது தப்பு. புண் சிறுகுடலில் இல்லை, இரைப்பையின் கீழ்ப்பக்கம். ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. திரையில் காட்டினார்கள், சிவப்புத் தரையில் வெள்ளையாக ஒரு குழி, சுற்றிலும் சிராய்ப்பு மாதிரி. பாசி பிடுங்கின பாறை அப்படித்தான் இருக்கும். ரத்தம் அப்போது நின்றிருந்தது, அதனால் உள்ளே ஊசி எதுவும் போடவில்லை.

கிருமிக்கு ஒரு துணுக்கு எடுத்து மஞ்சள் மருந்தில் போட்டார்கள். கிருமி இருந்தால் ரோஸாக மாறுமாம். மாறவில்லை. எனக்குச் சந்தோஷம், டாக்டருக்கு இல்லை. கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, ரத்தமும் போய்க்கொண்டு இருக்கும்போது எடுத்த சோதனை, இதில் இல்லை என்று வந்ததை நம்ப மாட்டேன், பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார். சிஸ்டர் எழுதியது அவருக்கு எப்படித் தெரியும் என்று மகள் கேட்கிறாள்.

புண்ணின் ஓரத்தில் ஆறு இடத்தில் சதை எடுத்து அனுப்பினார்கள். எதற்கு என்று கேட்டேன். இரைப்பையில் புண் என்றால் அது வெறும் புண்தானா என்று உறுதி செய்ய வேண்டும் என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் தூங்கவில்லை, வலியால் இல்லை. போன செவ்வாய்க்கிழமை தாள் வந்தது. கெட்டது ஒன்றும் இல்லை.

டப்பாவைப் பார்த்த டாக்டர் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்று டைக்ளோஃபினாக், அதோடு ஒரு பாரசிட்டமால். மூன்றாவது சின்ன வெள்ளை, அது ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்றார். நடுவில் நாள் விட்டு விட்டுப் போட்டதால் அப்படியே நிறுத்தலாமாம். அவர் திட்டவில்லை. "எத்தனை பேர் இப்படிப் போடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எங்கள் வல்லத்தில் ஒன்பது பேர் என்றேன். எழுதிக்கொண்டார். இரும்புச்சத்தை மாத்திரையாக இல்லாமல் நரம்பில் ஏற்றினார்கள். கேஸ் மாத்திரை தினமும், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. நான் இத்தனை நாள் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டிருந்தேன், யாரும் சொல்லவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு இப்போது எழுவதில்லை. இடுப்புதான் எழுப்புகிறது. தைலம், பாரசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், இதில் பாதி வலிதான் போகிறது. போன நீருக்கு, அதாவது நீர் வற்றிப் பாசி எடுக்கிற நாட்களுக்கு, நான் கடலுக்குப் போகவில்லை. வரப்போகிற நீருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். வல்லத்தில் எல்லோரிடமும் செட்டைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேர் நிறுத்தியிருக்கிறார்கள். மற்றவர்கள், "உனக்குத்தான் கேஸ்" என்கிறார்கள். என் மதினியும்தான்.

சிஸ்டர், எட்டு வாரம் கழித்துப் புண் ஆறிவிட்டதா என்று மறுபடி டியூப் விட்டுப் பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நாட்காட்டியில் பார்த்தால் அது சரியாக நல்ல நீர் நாளில் விழுகிறது. தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா, கோபித்துக்கொள்வார்களா?

நைட் டியூட்டி:

கேட்கலாம் அக்கா. நாலைந்து நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது, மாதக்கணக்கில் தள்ளக் கூடாது. எண்டோஸ்கோபி எந்தெந்தக் கிழமை என்று சீட்டின் பின்னால் எழுதியிருப்பார்கள், அதில் ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள். கடலுக்குப் போகிற நாளில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வாழைப்பழமாவது வயிற்றில் இருக்கட்டும். முங்கினால் வருமா?

பாசிக்காரி:

ஒரு பழம் என்றால் வராது. இரண்டு தின்றால் வரும்.

போட் டிரைவர்:

அக்கா, சிறுகுடல் என்று சொன்னதற்கு மன்னிப்பு. அந்த மதினியை ஒரு நாள் என்னிடம் பேசச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டிக் கதையை முழுசாகச் சொல்கிறேன்.